வேலூரில் முதல் மேசை: பழைய விதியா, புது விதியா?

காட்பாடிப் பக்கம் விடுதியில் இருக்கிற சிநேகிதர் யாராவது ஆடிப் பார்த்துச் சொல்லியிருப்பார். இல்லையென்றால் ஏதோ ஒரு வெப் சீரிஸில் பையன்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நாமும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடலாம் என்று நாலைந்து பேர் சேர்ந்தாயிற்று. தேடப் போனால் அதே பெயரில் வரிசையாகப் புத்தகங்கள் வந்து நிற்கின்றன. பழசு, புதுசு, திருத்தியது, எளிமையாக்கியது என்று எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறார்கள், எல்லோரும் தன்னுடையதுதான் உசத்தி என்கிறார்கள். எதை வாங்குவது?

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். மூன்று முக்கியப் புத்தகங்களையும் ஒன்றாக வாங்கினால் கையைக் கடிக்கும். ஆடிப் பார்க்கத் தேவையான விதிகள் இலவசமாகவே, முறையாகவே கிடைக்கின்றன. எந்தப் பதிப்பு என்பதை உங்கள் மேசையில் உட்காரப் போகிறவர்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். புத்தகம் அச்சான வருஷத்தை வைத்து முடிவு செய்ய முடியாது.

ஆட்டமே தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். இடம், எதிரி, ஊர்க்காரர், மழை, இருட்டு எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டர். நம் ஆற்காட்டுப் பக்கத்துக் கூத்தில் கட்டியங்காரன் செய்கிற வேலையில் பாதி டிஎம்முக்கு உண்டு: என்ன இடம், யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்லி, நடுவில் வேடிக்கையும் காட்டி ஆட்டத்தை ஓட்ட வேண்டும். என்ன செய்கிறோம் என்பதை ஆடுபவர்கள் வாயால் சொல்கிறார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை.

முதலில், எத்தனை பதிப்பு, அதில் நமக்கு எத்தனை

1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் சேர்ந்து கொண்டுவந்தது முதல் ஆட்டம். வெளியிட்டது டிஎஸ்ஆர் என்ற அமெரிக்க நிறுவனம். சில வருஷத்தில் அது இரண்டு கிளையானது. ஒன்று, புதியவர்களுக்கான மெல்லிய 'பேசிக்' பெட்டி. 1977, 1981, 1983 என்று மூன்று முறை புதிதாக எழுதினார்கள். இன்னொன்று, தடித்த 'அட்வான்ஸ்டு' நூல்கள். 1989-இல் அதற்கு இரண்டாம் பதிப்பு. 1997-இல் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் டிஎஸ்ஆரை வாங்கியது. 2000-இல் மூன்றாம் பதிப்பு, 2003-இல் அதன் திருத்தமான மூன்றரை, 2008-இல் நான்காவது, 2014-இல் ஐந்தாவது. 2024-இல் ஐந்தாவதையே திருத்தி மறுபடியும் வெளியிட்டார்கள். இதை ஆறாவது என்று அவர்கள் சொல்வதில்லை.

இத்தனையையும் பார்த்து மலைக்க வேண்டாம். புதிதாகத் தொடங்குகிறவர் மூன்றை மட்டும் எடைபோட்டால் போதும்: 1981 பேசிக் வழி, 2014, 2024. மூன்றரையும் அதன் வாரிசான பாத்ஃபைண்டரும் கணக்குப் போடப் பிடித்தவர்களுக்கு நல்ல தீனி, ஆனால் முதல் மேசைக்கு அது வேண்டாம். நான்காம் பதிப்பு கட்டம் போட்ட மேப்பில் சண்டை போட அருமையானது. அதைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேர் ஆடிப் பார்க்காதவர்கள் என்பது என் எண்ணம். இருந்தாலும் கற்றுக்கொடுக்க ஆள் கிடைப்பது கஷ்டம்.

பேசிக் வழி என்றால் 1981 புத்தகத்தையே தேடி அலைய வேண்டும் என்பதில்லை. அதே விதிகளை ஒழுங்குபடுத்தி எழுதிய ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ், கொஞ்சம் நவீனப்படுத்திய பேசிக் ஃபேண்டசி இரண்டும் இருக்கின்றன. முன்னதற்கு இலவசச் சுருக்கப் பதிப்பு உண்டு. பின்னது முழுவதுமே இலவசம்.

அடுத்து, படிக்கப் போவது யார் என்று கேளுங்கள்

இது கொஞ்சம் சங்கடமான கேள்வி, ஆனால் முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது. புத்தகம் எல்லாம் ஆங்கிலம். மேசையில் பேசப்போவது தமிழ்; காட்பாடி என்றால் தெலுங்கும் இந்தியும் கலந்து வரும். ஐந்து பேரில் நாலு பேர் "நீ படிச்சுச் சொல்லுடா, நாங்க ஆடுறோம்" என்கிற ரகமாக இருந்தால் பழைய விதியே நல்லது. 1981 பேசிக் புத்தகம் மொத்தமே 64 பக்கம். ஆடுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது அதிலும் கொஞ்சம்தான். மிச்சம் டிஎம் தலையில். 2014-இன் ஆட்டக்காரர் கையேடு 320 பக்கம், 2024-இன் கையேடு 384. எல்லாவற்றையும் படிக்கத் தேவையில்லைதான். ஆனால் தன் கேரக்டருக்கு என்னென்ன திறமை, எதை எப்போது பயன்படுத்தலாம் என்பதை அவரவர் படித்து வரவேண்டும். படிக்காமல் வந்தால் ஒவ்வொரு முறையும் "நான் இப்ப என்ன பண்ணலாம்?" என்று டிஎம்மைக் கேட்பார்கள். டிஎம் எதிரிகளைப் பார்ப்பாரா, இவர்களைப் பார்ப்பாரா?

கேரக்டர் உருவாக்குவதிலும் இதே வித்தியாசம். பேசிக்கில் பலம், அறிவு போன்ற ஆறு குணங்களுக்காக மூன்று ஆறுமுகப் பகடையை ஆறு முறை உருட்டி, வந்த எண்களை வந்த வரிசையிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். வீரன், திருடன், மந்திரவாதி, பூசாரி, அல்லது மனிதரல்லாத கற்பனை இனங்களான எல்ஃப், குள்ளர், ஹாஃப்லிங். எல்ஃப் என்பதே ஒரு தொழில் மாதிரிதான். 'எல்ஃப் திருடன்' என்று தனியாகக் கிடையாது. கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஐந்தாம் பதிப்பில் இனம், தொழில், பின்னணி எல்லாம் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். எண்களை உருட்டாமல் 15, 14, 13, 12, 10, 8 என்று விருப்பம்போல் பங்கிட்டுக்கொள்ளவும் செய்யலாம். மனசில் ஏற்கெனவே ஓர் ஆளைக் கற்பனை செய்துவிட்டு வருகிறவருக்கு இது பெரிய சந்தோஷம். அப்படிப்பட்டவரைப் பேசிக் மேசையில் உட்காரவைத்து, பகடை தந்த நோஞ்சான் வீரனைக் கையில் கொடுத்தால் முகம் வாடிவிடும்.

ஒரே குழி, இரண்டு விதி

பதிப்புகளின் குணம் தெரிய வேண்டுமானால் ஒரு குழியை வெட்டிப் பாருங்கள். வேலூருக்குக் கிழக்கே மலை மேல் இருக்கிற சஜ்ஜாராவ் கோட்டையை எடுத்துக்கொள்வோம். அதன் அடியில் பழைய தானியக் கிடங்கு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது கற்பனைதான், போய்த் தோண்டிவிடாதீர்கள். கிடங்குக்குப் போகிற வழியில் பத்தடி ஆழக் குழி, மேலே மெல்லிய பலகை, பலகை மேல் மண். விழுந்தால் அடி எவ்வளவு? பத்தடிக்கு ஒரு ஆறுமுகப் பகடை. இது பேசிக்கிலும் அதேதான், ஐந்தாம் பதிப்பிலும் அதேதான். குழி மாறவில்லை. விழுகிற ஆள்தான் மாறியிருக்கிறார்.

பேசிக்கில் முதல் லெவல் மந்திரவாதிக்கு ஹிட் பாயிண்ட், அதாவது எவ்வளவு அடி தாங்குவார் என்கிற எண், ஒரு நான்முகப் பகடை. இரண்டு விழுந்தது என்று வையுங்கள். அவர் அந்தக் குழியில் விழுந்தால் ஆறுக்கு ஐந்து பங்கு சாவு. ஹிட் பாயிண்ட் பூஜ்யம் என்றால் அங்கேயே முடிந்தது. ஆடினவர் மூன்று பகடையை எடுத்து அடுத்த ஆளை உருட்ட வேண்டியதுதான். ஐந்தாம் பதிப்பு மந்திரவாதிக்கு ஆறுடன் உடல்வலுவுக்கான கூடுதலும் சேரும். உடல்வலு 14 என்றால் மொத்தம் எட்டு. அந்தக் குழியால் அவரைச் சாய்க்கவே முடியாது. பிறகு ஏதோ பெரிய அடி விழுந்து பூஜ்யத்துக்கு வந்தாலும் உடனே சாவில்லை. ஒவ்வொரு முறையும் இருபதுமுகப் பகடை உருட்டி, பத்தோ மேலோ வந்தால் ஒரு வெற்றி. மூன்று வெற்றி வந்தால் உயிர் நிலைக்கும், மூன்று தோல்வி வந்தால்தான் போகும். நடுவில் யாராவது ஓடிவந்து காப்பாற்றலாம்.

குழியைக் கண்டுபிடிப்பதில்தான் சுவாரஸ்யமே இருக்கிறது. பழைய விதியில் தரையில் இருக்கும் பொறியைத் தேடினால் ஆறில் ஒரு வாய்ப்பு. பெட்டியில் வைத்த பொறியைக் கண்டுபிடிக்க முதல் லெவல் திருடருக்கு நூற்றுக்குப் பத்து. இவ்வளவு மோசமான எண்ணை நம்பி யார் உயிரைப் பணயம் வைப்பார்கள்? அதனால் பழைய ஆட்டக்காரர்கள் பகடையைத் தொடுவதற்கு முன் வாயைத் திறக்கிறார்கள். "கழியால் தட்டிக்கிட்டே போறேன், சத்தம் மாறுதா?" "குடுவைத் தண்ணியைத் தரையில் ஊத்துறேன், எங்கேயாவது உள்ளே இறங்குதா?" தண்ணீர் பலகை இடுக்கில் இறங்கினால் டிஎம் இறங்குகிறது என்று சொல்லத்தான் வேண்டும். பகடையே தேவைப்படவில்லை. லாங்பஜாரில் பேரம் பேசிப் பழகியவர்கள் இந்த ஆட்டத்துக்கு உடனே ஒட்டிக்கொள்வார்கள்.

புது விதியில் "பார்க்கிறேன்" என்று சொல்லி இருபதுமுகப் பகடை உருட்டி, கவனத் திறமையின் எண்ணைக் கூட்டினால் முடிந்தது. உருட்டாமலே கூட, அந்தத் திறமையோடு பத்தைக் கூட்டிய எண்ணை வைத்து, கண்ணில் பட்டதா இல்லையா என்று டிஎம் சொல்லிவிடலாம். கூச்ச சுபாவம் உள்ளவருக்கு இது பெரிய உதவி. வாய்ச் சாமர்த்தியம் இல்லாதவரும் சாமர்த்தியசாலிக் கேரக்டரை ஆட முடிகிறது. 'புது விதி சோம்பேறி விதி' என்று பழைய ஆட்கள் கிண்டல் செய்யும்போது இதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு வித்தியாசம், காசு. பேசிக்கில் பத்திரமாக ஊருக்குக் கொண்டுவந்த ஒரு பொற்காசுக்கு ஒரு அனுபவப் புள்ளி. காப்லின் என்கிற குட்டி அரக்கன் ஒன்றைக் கொன்றால் ஐந்து. வீரன் இரண்டாம் லெவலுக்கு ஏற 2000 வேண்டும், திருடனுக்கு 1200, மந்திரவாதிக்கு 2500. கொன்று கொன்று எங்கே சேர்ப்பது? ஒளிந்து போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவதுதான் புத்தி. ஐந்தாம் பதிப்பில் எல்லோருக்கும் இரண்டாம் லெவலுக்கு 300. ஒரு காப்லினுக்கு 50, அதைக் கூட்டாளிகள் பங்கிட்டுக்கொள்வார்கள். அங்கே சண்டை போட்டால் முன்னேற்றம். உங்கள் ஆட்கள் எதை விரும்புவார்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

நேரம், பஸ், விடுமுறை

ஆற்காடு, குடியாத்தம், ராணிப்பேட்டைப் பக்கம் இருந்து ஒருவர் வருகிறார் என்றால் அவருடைய கடைசி பஸ்தான் உங்கள் ஆட்ட நேரத்தை முடிவு செய்யும். வெயில் காலத்தில் மதியம் உட்கார முடியாது. நாலு மணிக்குத் தொடங்கினால் எட்டுக்குள் மூட வேண்டும். ஐந்தாம் பதிப்பில் முதல் இரண்டு லெவல் சண்டைகள் சீக்கிரம் முடியும். ஐந்தாம் லெவலைத் தாண்டினால் ஒரே சண்டை மாலைப் பொழுதை விழுங்கிவிடும். பழைய விதியில் சண்டை சடசடவென்று முடியும்; எதிரிக்கு மனவுறுதிச் சோதனை உண்டு, பாதிப் பேர் விழுந்தால் மிச்சம் ஓடிவிடலாம்.

கல்லூரிப் பிள்ளைகள் உள்ள மேசைக்கு இன்னொரு தொல்லை: பரீட்சை, செமஸ்டர் விடுமுறை. இந்த வாரம் வந்தவர் அடுத்த வாரம் வரமாட்டார். ஒவ்வொரு நாளும் கிடங்குக்குள் போய், இருட்டுவதற்குள் ஊருக்குத் திரும்பிவிடுவது என்று வைத்துக்கொண்டால் யார் வந்தாலும் வராவிட்டாலும் ஆட்டம் நிற்காது. பேசிக் இதற்கென்றே செய்த மாதிரி பொருந்துகிறது. ஒரு தீவட்டி ஒரு மணி நேரம் எரியும், அதாவது பத்து நிமிஷக் கணக்கில் ஆறு சுற்று. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஏதாவது அலைகிற பிராணி வருகிறதா என்று ஆறுமுகப் பகடை. ஆகவே உள்ளே தங்கிக் கதை பேச முடியாது, வேலையை முடித்துக்கொண்டு வெளியே வரத்தான் வேண்டும். அதே ஐந்து பேர் வாராவாரம் தவறாமல் வருவார்கள், ஒவ்வொருவரின் குடும்பக் கதை, பழிவாங்கல், காதல் எல்லாம் வேண்டும் என்றால் ஐந்தாம் பதிப்புக்குப் போங்கள். அங்கே கேரக்டர் நிலைத்து நிற்பார், கதையும் அவரைச் சுற்றி வளரும்.

இறக்கி, பிரிண்ட் எடுத்து, பகடை தேடி

ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை 'சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமெண்ட்' என்ற பெயரில் நிறுவனமே இலவசமாகத் தருகிறது. 5.1 என்பது 2014 விதி, 5.2 என்பது 2024 விதி. 2023 ஜனவரியில், இந்த விதிகளை மற்றவர்கள் பயன்படுத்தக் கொடுத்திருந்த உரிமத்தை மாற்றப் போவதாகச் செய்தி கசிந்து, உலகம் முழுக்க ஆட்டக்காரர்கள் எதிர்த்தபிறகு 5.1-ஐ, யாரும் எடுத்துப் பகிரலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டார்கள், 5.2-வும் 2025-இல் அதே உரிமத்தில் வந்தது. ஆகையால் பிரிண்ட் எடுப்பதில் தப்பே இல்லை. திருட்டுப் பிடிஎஃப் தேடி வைரஸ் வாங்கிக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. பன்னிரண்டு தொழில்களும் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கிளைதான், அதாவது உட்பிரிவுதான், இருக்கும். தொடங்க அது தாராளம்.

முந்நூறு பக்கத்துக்கு மேல் வரும், முழுவதையும் பிரிண்ட் எடுக்காதீர்கள். கேரக்டர் பகுதி, சண்டைப் பகுதி, முதல் லெவல் மந்திரங்கள் மட்டும் ஜெராக்ஸ் கடையில் எடுத்து ஸ்பைரல் போட்டால் போதும். கேரக்டர் ஷீட்டைப் போனில் மட்டும் வைத்துக்கொள்வது ஆபத்து. கரண்ட் போய் சார்ஜும் தீர்ந்தால் உங்கள் வீரன் காணாமல் போவான். ஆளுக்கொரு எக்ஸாம் பேட் கொண்டுவரச் சொல்லுங்கள். வேலூர் வெயிலில் ஃபேனை நிறுத்தவும் முடியாது, ஃபேன் ஓடினால் தாள் நிற்காது. பென்சிலால் எழுதுங்கள். ஹிட் பாயிண்ட் கட்டம் நாலு அழிப்பில் கிழிந்துவிடும், அதனால் அதற்கு மட்டும் தனித் துண்டுச் சீட்டு.

பகடை ஏழு கொண்ட செட்டாக ஆன்லைனில் கிடைக்கும்: 4, 6, 8, 12, 20 முகங்கள், பத்துமுகம் இரண்டு. ஒரு செட்டை எல்லோரும் மாற்றி மாற்றி உருட்டலாம். வரும்வரை, ஒன்றிலிருந்து இருபதுவரை எழுதிய சீட்டுகளை டம்ளரில் போட்டுக் குலுக்கி எடுங்கள். எடுத்த சீட்டைத் திருப்பிப் போட மறக்காதீர்கள். சோழி வேண்டாம், அதில் எல்லா எண்ணும் ஒரே அளவில் விழாது.

சோதனை ஆட்டம்

ஐந்து அறை உள்ள சின்ன வரைபடம் ஒன்று போடுங்கள். ஒரு குழி, பேசிச் சமாளிக்கக்கூடிய ஒரு காவலாளி, நாலு காப்லின், பூட்டிய பெட்டி, வெளியே போக இரண்டு வழி. மலைக்கோட்டை, அகழி என்று நம் ஊரிலேயே மாதிரிக்குக் குறைவில்லை. கோயில், தர்கா, சர்ச் எதையும் சண்டைக்களமாக வைக்காதீர்கள். மேசையில் யாருக்கு எது உறுத்தும் என்று தெரியாது. அதே வரைபடத்தை ஒரு ஞாயிறு பேசிக்கில், அடுத்த ஞாயிறு ஐந்தாம் பதிப்பில் ஆடுங்கள்.

பேசிக் நாளில் பழைய ஆர்மர் கிளாஸ், அதாவது கவசப் பாதுகாப்பு எண், கணக்கு குழப்பும். அங்கே எண் குறையக் குறையப் பாதுகாப்பு அதிகம். முதல் லெவல் வீரனின் அடிப்படை எண் 19. காப்லினின் ஆர்மர் கிளாஸ் 6. 19-இல் 6 போனால் 13, அதுவோ மேலோ உருட்டினால் அடி விழும். ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸில் பக்கத்திலேயே ஏறுமுக எண்ணும் போட்டிருக்கிறார்கள். காப்லினுக்கு 13 என்றே இருக்கும், நேராக உருட்டலாம். விடை ஒன்றுதான். கழித்தல் பிடிக்காதவர்கள் ஏறுமுக எண்ணையே பிடித்துக்கொள்ளுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

ஆட்டம் முடிந்ததும் 'எது நல்லா இருந்தது?' என்று கேட்டால் எல்லோரும் மரியாதைக்கு "ரெண்டும்" என்பார்கள். எந்த இடத்தில் போனை எடுத்தார்கள் என்று கவனியுங்கள். பேசிக் நாளில் வழியைத் தட்டித் தட்டிப் போகும்போது எடுத்தார்களா, ஐந்தாம் பதிப்பு நாளில் அடுத்தவர் முறை முடியக் காத்திருக்கும்போது எடுத்தார்களா? அது போதும்.

2014-ஐயும் 2024-ஐயும் கலக்கலாமா

கதைகளைக் கலக்கலாம். 2014-க்கு எழுதிய அட்வெஞ்சரை 2024 விதியில் ஓட்டும்படிதான் புதியதை அமைத்திருக்கிறார்கள். விதிகளை, முக்கியமாக முதல் சில வாரங்களில், கலக்காதீர்கள். ஏனென்றால் பெயர் அதேதான், உள்ளே இருப்பது வேறு. காயம் ஆற்றும் மந்திரம் பழையதில் ஒரு எட்டுமுகப் பகடை, புதியதில் இரண்டு. மருந்து குடிப்பது பழையதில் முழுச் செயல், புதியதில் துணைச் செயல். குடித்துவிட்டு வெட்டவும் செய்யலாம். எதிரி மறைந்திருந்து பாய்ந்தால் பழையதில் ஏமாந்தவருக்கு முதல் சுற்றே கிடையாது. புதியதில் யார் முந்துவது என்ற உருட்டலில் இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். பாதிப் பேர் ஒன்றையும் பாதிப் பேர் மற்றதையும் படித்துவிட்டு வந்தால் பதுங்கிப் பாயும் முதல் காட்சியிலேயே சண்டை மேசைக்கு வெளியே வந்துவிடும்.

யாராவது ஏற்கெனவே 2014 புத்தகம் வைத்திருந்தால் 2014-ஐயே ஆடுங்கள். ஒன்றுமே இல்லை, புதிதாகத்தான் தொடங்குகிறோம் என்றால் 2024. எல்லாத் தொழிலுக்கும் கிளை மூன்றாம் லெவலில்தான் வருகிறது, புதியவர் முதல் நாளே முழிக்க வேண்டியதில்லை. வாங்குவதாக இருந்தால் ஆட்டக்காரர் கையேடு ஒன்று, எல்லோரும் பங்கு போட்டு. மற்றது அப்புறம்.

பாதியில் மாற வேண்டி வந்தால்

கேரக்டரின் பெயர், கதை, கூட்டாளி, பகை எல்லாம் அப்படியே வரட்டும். எண்களைப் பெயர்த்து எழுத முயல வேண்டாம். புதிய விதியில் அதே ஆளை முதலிலிருந்து உருவாக்குங்கள். பழைய ஆறாம் லெவலும் புதிய ஆறாம் லெவலும் ஒரே பலம் அல்ல. பழையதிலிருந்து வந்தால் இரண்டு லெவல் குறைத்துத் தொடங்கிப் பாருங்கள், போதாவிட்டால் ஏற்றலாம். அரக்கர்களைப் பெயரால் மட்டும் எடுத்துக்கொண்டு, எண்களைப் புதிய புத்தகத்திலிருந்து போடுங்கள். பழைய அட்வெஞ்சரில் ஒரு அறையில் இருபது காப்லின் இருந்தால் அங்கே ஓடவோ பேசவோ வேண்டும் என்று எழுதியவர் நினைத்திருப்பார். ஐந்தாம் பதிப்புக்காரர்கள் வெட்டலாம் என்று உள்ளே போவார்கள், அதனால் எண்ணிக்கையைக் குறைத்துவிடுங்கள்.

புதையலையும் குறைக்க வேண்டும். பழைய கதைகளில் பொற்காசு அள்ளி அள்ளிக் கிடக்கும், ஏனென்றால் அங்கே காசுதான் அனுபவப் புள்ளி. அதை அப்படியே ஐந்தாம் பதிப்பில் கொடுத்தால் இரண்டே வாரத்தில் எல்லோரும் விலையுயர்ந்த இரும்புக் கவசத்தோடு வந்து நிற்பார்கள். நான் பத்தில் ஒரு பங்காக்கித்தான் கொடுக்கிறேன். ஐந்திலிருந்து பழையதற்குப் போகிறவர்கள் இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும்: உங்கள் வரைபடத்தில் பொற்காசைத் தாராளமாக வைக்காவிட்டால் யாரும் இரண்டாம் லெவலைச் சீக்கிரம் பார்க்கவே மாட்டார்கள்.